சனிக்கிழமைப் போஞ்சி

நகுலேஸ்வரனின் எட்டுச்செலவு அன்றைக்கு விடியற்காலையில் அவனுடைய மனைவி றொசானா வீட்டில் இல்லை. கியூபெக்கில் அவர்கள் குடியிருக்கிற நகரத்தின் நடுவில், ஒரு ஹோட்டல் வாசலில், வெள்ளை ஓநாய் பார்க்கப் போகிற உல்லாசப் பயணிகளோடு சேர்ந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

கேட்டவுடனே முகத்தைச் சுழிக்காதேயுங்கோ. அவளுடைய மச்சாள் கௌரி சுழித்ததே அந்த வீட்டுக்குப் போதும். என்ன நடந்ததென்று முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கோ.

எட்டுச்செலவு என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளும் உங்களுக்குள் இருப்பீர்கள். ஆள் செத்து எட்டாம் நாள், அவர் உயிரோடு இருக்கும்போது என்னென்னவற்றை ஆசைப்பட்டுச் சாப்பிட்டாரோ அதையெல்லாம் சமைத்துப் படைப்பது. மச்சம் மாமிசம் என்று பார்க்கிறதில்லை. குடிக்கிறவர் என்றால் அதுவும் ஒரு கிளாஸில் வைக்கப்படும். பொழுதுபடுகிற நேரம் படைத்து, அதில் ஒரு பங்கை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடவேண்டும். போகிறவர் ஆசைக்குறையோடு போகக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

றொசானாவுக்கு இது பிறந்த வீட்டுப் பழக்கம் இல்லை. அவள் யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பக்கத்து வேதக்காரப் பெண், கத்தோலிக்கம். அவளுடைய ஆட்கள் செத்தவருக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள், இலை போடமாட்டார்கள். ஆனால் நகுலேஸ்வரன் சைவ சமயக்காரன். அவனுக்கு அவனுடைய முறைப்படி ஒரு குறையும் இல்லாமல் எல்லாம் நடக்கவேண்டும் என்று அவள்தான் ஒற்றைக்காலில் நின்றாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கௌரியின் மகன் கீர்த்திகன்தான் மாமனுக்குக் கொள்ளி வைத்தான். எட்டுச்செலவுக்குச் சமைக்கிற பொறுப்பைக் கௌரி எடுத்துக்கொண்டாள். அவள் நகுலேஸ்வரனுக்கு மூத்தவள். தாய் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா.

"கணவாய், நண்டு, விளைமீன் பொரியல், ஆட்டிறைச்சி, முட்டைமா," என்று கௌரி சொல்லிக்கொண்டே போனாள். "உழுந்துவடை. ஒரு போத்தில் பியர். வேற என்ன?"

"போஞ்சியும் வைப்பம் மச்சாள்," என்றாள் றொசானா.

"போஞ்சியோ?" கௌரி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் பார்த்தாள். "தம்பி எப்ப மரக்கறியை விரும்பித் திண்டவன்? கோப்பையிலை ஒதுக்கி வைக்கிறவனெல்லே."

கௌரி சொன்னது உண்மை. அந்த உண்மைதான் ஒரு கிழமையாக றொசானாவின் நெஞ்சில் மீன்முள்ளு மாதிரிக் குத்திக்கொண்டு கிடந்தது.

நடந்தது இதுதான். நகுலேஸ்வரன் இருதயத்தில் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்ணைத் திறந்து, "இஞ்சாரும்," என்று கூப்பிட்டான். மனைவியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "நாளைக்குச் சனிக்கிழமையெல்லே. சனிக்கிழமைப் போஞ்சி கொஞ்சம் கிடைச்சால் சாப்பிடுவன்."

நாலு நாளாக ஒரு மிடறு சூப்புக்கும் முகத்தைத் திருப்பின மனுசன் வாயால் கேட்டுவிட்டான். றொசானாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மெட்ரோ பிடித்து ஓடி, விக்டோரியா வீதித் தமிழ்க் கடையில் பிஞ்சுப் போஞ்சியாகப் பொறுக்கி எடுத்து, வீட்டுக்கு வந்து சன்னமாக அரிந்து, தேங்காய் முதற்பால் விட்டுப் பிரட்டினாள். சனிக்கிழமைகளில் அவனுக்குப் புட்டோடு கட்டிக்கொடுக்கிற அதே பிரட்டல்தான். அவன் ஒரு சுற்றுலாக் கொம்பனியில் பஸ் ஓட்டுகிறவன். குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, வடக்கே காட்டுக்குள் இருக்கிற ஒரு மிருகப் பூங்காவுக்குப் போவான். துருவத்து மிருகங்களைக் காட்டி, நெருப்பு மூட்டிச் சாப்பாடு கொடுத்து, பின்னேரம் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருகிற ஒருநாள் பயணம். அந்த நாளுக்கென்று அவள் விடிய முன்னம் எழும்பிப் புட்டு அவிப்பாள். போஞ்சிப் பிரட்டலும் ஒரு பொரித்த மீன் துண்டும் வைத்து டப்பாவை மூடிக் கொடுப்பாள். டப்பா ஒரு பருக்கை மிச்சமில்லாமல், பனியால் தேய்த்துக் கழுவித் திரும்பி வரும்.

அந்த வெள்ளி பின்னேரம் ஆஸ்பத்திரியில் அவன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். ஒரு கரண்டி வாயில் வைத்தான். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து, மெல்லச் சிரித்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். கண்ணை மூடிக்கொண்டான். சனி விடியப் போய்விட்டான்.

அந்தத் தலையாட்டல் "போதும்" என்றதோ? அல்லது "இதில்லை" என்றதோ? இதில்லை என்றால், எது? கடைசியாக வாய் திறந்து கேட்ட ஒன்றைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனோ என்று றொசானா இரவெல்லாம் முழித்துக்கொண்டு கிடந்தாள்.

செத்த வீடு முடிந்து இரண்டாம் நாள் கொம்பனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கதைத்தாள். இந்தச் சனிக்கிழமையும் பஸ் போகிறது, விருப்பம் என்றால் வாருங்கள், உங்களுக்கென்று ஓர் இருக்கையை விட்டு வைக்கிறோம், நெருப்படியில் எல்லோரும் அவரை நினைத்துக்கொள்வோம் என்றாள். றொசானா மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போதுதான் மனதில் தட்டியது. சனிக்கிழமையில் அவன் வீட்டில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. இரவு வந்து, "நான் அங்கை வயிறு முட்டச் சாப்பிட்டிட்டன்" என்று தேத்தண்ணி மட்டும் குடிப்பான். மத்தியானத்து ஒரு டப்பாப் புட்டில் இரவுவரை வயிறு முட்டுமோ?

கௌரிக்குச் சொன்னபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"உமக்கென்ன விசரோ? துடக்கு வீட்டிலை இருந்து, அதுவும் எட்டண்டைக்கு, மிருகம் பாக்கப் போறீரோ? சனம் என்ன கதைக்கும்?"

"மிருகம் பாக்க இல்லை மச்சாள். அவர் அங்கை என்ன சாப்பிட்டவர் எண்டு பாக்கப் போறன்."

"நீர்தானே பொஞ்சாதி. உமக்குத் தெரியாதோ?"

இதைக் கௌரி குத்துவதற்கென்று சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். ஆனாலும் அந்தச் சொல் போய் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கிவிட்டது.

"பொழுதுபட முன்னம் வந்திடுவன்," என்றாள் றொசானா.

"வராட்டில் காத்துக்கொண்டு நிக்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன். நேரத்துக்குப் படைச்சுப் போடுவன்."

றொசானா சனிக்கிழமைச் சாப்பாட்டு டப்பாவை வெறுமையாகப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டாள்.

பஸ் வாசலில் நின்று ஆட்களை ஏற்றினவர் ஜில் என்கிற கியூபெக்காரர். நல்ல உயரம், தாடி முழுக்க நரை. பூங்காவில் மிருகங்களைப் பற்றிச் சொல்லுகிறதும் அவர்தான், நெருப்படியில் சமைக்கிறதும் அவர்தான். செத்த வீட்டுக்கு வந்து கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்ததை றொசானா பார்த்திருந்தாள். இப்போது அவர் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தார். "மதாம் நாகுல், மதாம் நாகுல்," என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, முதல் வரிசை இருக்கையைக் காட்டினார். வேறொரு றைவர் பஸ்ஸை எடுத்தான். றொசானா அவனுடைய முதுகைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வந்து இருந்தாள். பின்னால் அவளுடைய புருசன்.

"ஆன்ட்டி, நீங்க தமிழா? ஃபோன்ல பேசினீங்களே, கேட்டுச்சு. நான் ஸ்நேகா. சென்னை. இவர் அபினவ். இங்க வந்து நாலு மாசம்தான் ஆகுது."

"ஓம் பிள்ளை, தமிழ்தான்."

"தனியாவா வந்தீங்க? அங்கிள் வரலையா?"

"அவர் கன தரம் பாத்திட்டார்."

"போலார் பேர் இருக்குமா ஆன்ட்டி? இவர் இருக்கும்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தார்."

"நான் சொல்லல, வெப்சைட்ல ஆர்க்டிக்னு போட்டிருந்தான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆர்க்டிக்னா போலார் பேர்தான்டா. டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்."

அவர்கள் சண்டை பிடிப்பதும் சிரிப்பதுமாக வந்தார்கள். றொசானாவுக்கு அது தொந்தரவாய் இருக்கவில்லை. ஒரு கிழமையாக எல்லோரும் அவளுக்கு முன்னால் குரலைத் தாழ்த்தியே கதைத்திருந்தார்கள். ஒருத்தரும் தாழ்த்தாத குரலைக் கேட்க அவளுக்கு ஒரு இளைப்பாறல் மாதிரி இருந்தது.

பக்கத்து நகரமான லவாலைத் தாண்டி, கடைகளும் வீடுகளும் குறைந்து, மரமும் பனியும் மட்டுமாகிவிட்டது உலகம். பூங்கா வாசலுக்குள் பஸ் மெல்ல ஊர்ந்தது. முதலில் வந்தவை கரிபு என்கிற பனிமான்கள். கிளைக்கொம்பும் அகலக் குளம்புமாகக் கூட்டமாய்ப் பாதையைக் கடந்தன. ஜில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்.

டிக். டிக். டிக்.

மான்கள் நடக்கிற ஒவ்வொரு அடிக்கும் அவற்றின் காலுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. பாதத்தில் தசைநார் எலும்பில் உரசுகிற சத்தம், பனிப்புயலில் கண் தெரியாவிட்டாலும் ஒன்றையொன்று இந்தச் சத்தத்தால் தொலைக்காமல் போகும் என்று ஜில் சொன்னார். றொசானா கதவுப் பக்கம் குனிந்து காது கொடுத்தாள். நகுலேஸ்வரன் முதல் குளிர்காலத்தில் வந்து குசினி வாசலில் நின்று, நாக்கால் அண்ணத்தில் தட்டி, "டிக், டிக்கெண்டு நடக்குது இஞ்சாரும், மணிக்கூடு விழுங்கின மாதிரி," என்று சொன்னதும், அவள் பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்குள், "ஆரப்பா மணிக்கூட்டை விழுங்கினது?" என்று அரைகுறையாய்க் கேட்டதும் நினைவுக்கு வந்தது. அவன் திருப்பிச் சொல்லவில்லை. அவளும் திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு கம்பி வேலிக்கு உட்புறம் ஒரு துருவ நரி. பனியில் பனியாகச் சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொண்டு கிடந்தது. ஜில் விரலால் காட்டும்வரை ஒருவருக்கும் அங்கே ஓர் உயிர் இருப்பது தெரியவில்லை. அதற்கு அப்பால் கஸ்தூரி எருதுகள். தரையைத் தொடுகிற மயிரோடு, முதுகில் பனி குவிந்து கிடக்க, காற்றுக்கு நடுவே அசையாமல் நின்றன. ஒதுங்கிக்கொள்ளக் கொட்டில் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

ஓநாய்களைப் பார்க்கப் பஸ்ஸை விட்டு இறங்கி, மரத்தாலான ஒரு மேடையில் ஏறவேண்டும். குளிர் முகத்தைச் சுரண்டியது. கீழே மரங்களுக்கு நடுவே ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஒரு குடும்பமே வெளியே வந்தது. பால் மாதிரி வெள்ளை. அவை ஓடவும் இல்லை, உறுமவும் இல்லை. மேடையில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தன. படம் எடுத்துக்கொண்டிருந்த அபினவ்கூடக் கையைத் தாழ்த்திவிட்டான். ஒன்று கழுத்தை நீட்டி, வானத்தைப் பார்த்து, நீளமாக ஊளையிட்டது. மற்றவை ஒவ்வொன்றாய்ச் சேர்ந்துகொண்டன. செத்த வீட்டில் ஒருத்தி ஒப்பாரி எடுக்க மற்றவர்கள் சேர்கிற மாதிரியே இருந்தது. றொசானா மேடைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு கிழமையாக அவளால் வாய்விட்டு அழ முடியவில்லை. அந்த இடத்திலும் அவளுக்கு அழுகை வரவில்லை. ஊளை நின்ற பிறகு வந்த அமைதியில், "எத்தனை சனிக்கிழமை இதைக் கேட்டுப்போட்டு வந்து என்னோடை தேத்தண்ணி குடிச்சிருப்பார்," என்று மட்டும் நினைத்தாள்.

நெருப்படிக்கு வந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. மரங்களுக்கு நடுவே வட்டமாக விறகுக்கட்டைகள் போட்டிருந்தார்கள், உட்காருவதற்கு. நடுவில் பெரிய நெருப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு நீளத் தடியும் குத்திச் சுட ஒரு சொசேச்சும் பாணும் சூப்பும் கொடுத்தார்கள். சிறுபிள்ளைகளுக்கு மார்ஷ்மெலோ. ஜில் தொப்பியைக் கழற்றி, எங்கள் நண்பன் ஒருவன் இன்றைக்கு இங்கே இல்லை என்று இரண்டு வசனம் சொன்னார். தூர தேசத்திலிருந்து வந்த உல்லாசப் பயணிகள் ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துத் தலை குனிந்தார்கள். பிறகு சாப்பாடு தொடங்கிவிட்டது.

றொசானா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சொசேச்சோ? அவன் அதை வீட்டில் தொடுகிறதில்லை. சூப்போ? ஒன்றும் போஞ்சி மாதிரி இல்லை. அவள் எழும்பி ஜில்லிடம் போனாள். இருபது வருசமாகப் புவாண்ட்-கிளேர்க் களஞ்சியசாலையில் பெட்டி கட்டிப் பழகின பிரெஞ்சில், "என் கணவர் இங்கே என்ன சாப்பிடுவார்?" என்று கேட்டாள்.

ஜில்லின் முகம் ஒரு மாதிரிப் போனது. நெருப்பைக் கிளறினார். "எல்லாம்தான் மதாம். எல்லாம் சாப்பிடுவார்."

"எல்லாம் என்றால்?"

"உங்கள் சாப்பாட்டைத்தானே கொண்டுவருவார்," என்று சொல்லிவிட்டு, விறகு எடுக்கிற சாட்டில் அந்தப் பக்கம் போய்விட்டார். அவருடைய காது சிவந்திருந்ததை அவள் கண்டாள். குளிர் என்று நினைத்தாள்.

திரும்பி வந்து கட்டையில் இருந்தாள். அவ்வளவு தூரம் வந்து, கௌரியிடம் பேச்சு வாங்கி, வெறும் டப்பாவோடு திரும்பவேண்டியதுதான். அவளுடைய கை தன்பாட்டில் டப்பாவின் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தது.

"ஆன்ட்டி, நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே," என்றாள் ஸ்நேகா. "உடம்பு சரியில்லையா?"

"அதொண்டும் இல்லை பிள்ளை." பிறகு, ஏனென்று தெரியாது, அந்நியப் பிள்ளை என்பதாலோ என்னவோ, சொல்லிவிட்டாள். "என்ர மனுசன் போன சனிக்கிழமை செத்துப்போனார். இந்தப் பஸ் ஓடினவர் அவர்தான்."

ஸ்நேகாவின் தடி நெருப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. சொசேச் கருகியது. "ஐயோ ஆன்ட்டி. நான் பாட்டுக்கு அங்கிள் வரலையான்னு..."

"உமக்கென்ன தெரியும். சாகிறதுக்கு முதல் நாள் சனிக்கிழமைப் போஞ்சி வேணும் எண்டு கேட்டார். நான் காய்ச்சிக் கொண்டுபோனன். அவர் சாப்பிடேல்லை. அவர் கேட்டது நான் காய்ச்சினது இல்லைப் போலக் கிடக்கு. அதுதான் என்னெண்டு பாக்க வந்தனான்."

"போஞ்சின்னா என்ன ஆன்ட்டி?"

"போஞ்சி தெரியாதோ? பச்சையா, நீட்டா, விரல் மாதிரி இருக்கும். சின்னனாய் அரிஞ்சு பிரட்டுறது."

"ஓ," என்றாள் ஸ்நேகா. "பீன்ஸ்! நாங்க பீன்ஸ்னுதான் சொல்லுவோம்."

விறகோடு வந்துகொண்டிருந்த ஜில் அந்த ஒரு சொல்லில் நின்றார். இவ்வளவு தமிழுக்குள்ளும் அவருக்கு அந்த ஒன்று விளங்கிவிட்டது.

"பின்ஸ்?" என்றார். "லே பின்ஸ்?"

கியூபெக்காரர் வாயில் அதற்கு அதுதான் பெயர். அவர் விறகைப் போட்டார். நெருப்பின் ஒதுக்குப்புறத்தில், உல்லாசப் பயணிகளுக்குக் கொடுக்காமல், தணல் மூடிக் கிடந்த ஒரு கரிய இரும்புச் சட்டியைக் கொளுக்கியால் இழுத்து எடுத்தார். சாம்பலை ஊதிவிட்டு மூடியைத் திறந்தார். உள்ளே மண்ணிறக் குழம்பில் வெந்து குழைந்த வெள்ளை அவரை விதைகள். மேப்பிள் பாகு மணமும் புகை மணமும் பன்றிக் கொழுப்பு மணமும் ஒன்றாக எழும்பின. வெள்ளிக்கிழமை இரவே தணலுக்குள் புதைத்துவிடுகிற சட்டி. வேலைக்காரருக்கென்று வைக்கிறது.

றொசானா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரெஞ்சில் பின்ஸ். சென்னைப் பிள்ளைக்குப் பீன்ஸ். அந்த மனுசன் அதைத் தன் வாய்க்குப் பழகின யாழ்ப்பாணத்துச் சொல்லாலேயே மாற்றிப் போஞ்சி என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கு அது சனிக்கிழமைப் போஞ்சி. அவளுக்கு, அவள் சனிக்கிழமைகளில் கட்டிக்கொடுத்த போஞ்சி.

"இதையா சாப்பிட்டார்?"

ஜில் இனி மறைக்கமுடியாது என்று கண்டார். மெல்ல மெல்ல, அவளுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். முதல் குளிர்காலம் நாகுல் இந்தச் சட்டியைப் பார்த்துச் சிரித்தாராம். பருப்புச் சாமானுக்குச் சீனி போடுகிற சனத்தை இங்கேதான் கண்டேன் என்று சொன்னாராம். ஒருநாள் புயலில் பஸ் மாட்டுப்பட்டு இருட்டும்வரை இங்கே நிற்கவேண்டி வந்ததாம். அன்றைக்கு ஒரு கோப்பை சாப்பிட்டாராம். அடுத்த சனிக்கிழமை தன் டப்பாவை ஜில்லிடம் நீட்டி, நீ இதை எடு, எனக்கு அதைத் தா என்றாராம்.

"அப்படியென்றால்... என் புட்டு?"

"நான்தான் மதாம்," என்றார் ஜில். அந்தப் பெரிய உடம்பு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குறுகியது. "அன்றையிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும். நான்தான் சாப்பிட்டேன்."

றொசானாவுக்கு முதலில் வந்தது கோபம். விடிய முன்னம் எழும்பி, தேங்காய் துருவி, குளிரில் விரல் விறைக்க மாக்குழைத்தது ஆருக்கு? அவன் டப்பாவை நீட்டுகிறபோது ஒரு தரமாவது மனம் கூசியிருக்காதோ? வெறுமையாய் வந்த டப்பாவைக் காட்டி, "என்ர கைச்சமையல் எண்டால் அவர் ஒரு பருக்கை விடார்," என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தாளே.

"ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"நான் கேட்டேன் மதாம். சொன்னால் அவள் அவிப்பதை நிறுத்திவிடுவாள், பிறகு நீ என்னத்தைச் சாப்பிடுவாய் என்றார்." ஜில் கையுறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "மீன் துண்டை மட்டும் எனக்குத் தரவே மாட்டார். அதைத் தானே எடுத்துக்கொள்வார். போன மார்கழியில் ஒரு கிழமை உங்களுக்குக் காய்ச்சலாக இருந்ததா? தேங்காய் குறைவாக இருந்தது. நான் சொன்னேன், மதாமுக்குச் சுகமில்லையோ என்று. அவர் அன்றைக்குப் பஸ்ஸை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினார்."

மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல்தான். அந்தச் சனி இரவு அவன் நேரத்தோடு வந்து, தேத்தண்ணியை அவனே போட்டு, அவளுக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து கட்டிலில் வைத்தது அவளுக்கு நினைவிருந்தது. என்ன அதிசயம் என்று அன்றைக்கு யோசித்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. போய்விட்டது.

ஜில் ஒரு கரண்டியில் எடுத்து ஊதி அவளிடம் நீட்டினார். அவள் தலையாட்டி மறுத்து, டப்பாவைத் திறந்து பிடித்தாள்.

"முதல் அவருக்கு," என்றாள். அதைத் தமிழில்தான் சொன்னாள். ஜில் டப்பாவை விளிம்புவரை நிரப்பினார்.

திரும்புகிற வழியில் பனி கொட்டத் தொடங்கியது. பெருந்தெருவில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஊர்ந்தன. சூரியன் எங்கே நிற்கிறதென்றே தெரியாத சாம்பல் வானம். அவள் டப்பாவைக் கோட்டுக்குள், வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாள். தொலைபேசி அடித்தது.

"எங்கை நிக்கிறீர்?" என்றாள் கௌரி. "எல்லாம் ஆயத்தம். வெளியிலை மம்மலாகுது."

"லவாலுக்கு வந்திட்டன் மச்சாள். கொஞ்சம் பொறுங்கோ."

"பொறுக்கமாட்டன் எண்டு அப்பவே சொன்னனான்." வைத்துவிட்டாள்.

ஸ்நேகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், எழும்பிப் போய் றைவரிடம் ஏதோ சொன்னாள். ஜில்லும் குனிந்து சொன்னார். பஸ் நகர மத்திக்குப் போக முன்னம் டெகாரிப் பெருந்தெருவிலிருந்து இறங்கி, கோட்-டெ-நேஜில் றொசானாவின் வீட்டுத் தெரு முனையில் நின்றது. ஒரு பயணியும் முணுமுணுக்கவில்லை. அபினவ் இறங்கி அவளுடைய கையைப் பிடித்துப் பனிக்குவியலைத் தாண்டி விட்டான்.

வீட்டில் இலை போட்டு எல்லாம் பரிமாறியிருந்தது. நகுலேஸ்வரனின் படத்துக்கு முன்னால் விளக்கு. கௌரி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். காத்துக்கொண்டு நிற்கவில்லை என்று காட்டுகிற முகம். ஆனால் கற்பூரம் இன்னும் கொளுத்தப்படவில்லை.

றொசானா சப்பாத்தைக் கழற்றி, கால் முகம் கழுவி வந்து டப்பாவைத் திறந்தாள். மணம் அறையில் பரவியது.

"என்ன இது? இனிக்கிற மணம் மணக்குது."

"அவர் கேட்ட போஞ்சி மச்சாள்." நடந்ததை அவள் சொன்னாள். ஜில்லின் சட்டியையும் புட்டையும் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

கௌரி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "இந்த வெள்ளைத் துண்டென்ன?"

"பண்டிக் கொழுப்பு."

"பண்டியோ!" கௌரி ஓரடி பின்னால் போனாள். "எங்கட வீட்டிலை ஒரு நாளும் ஏத்தினதில்லை. அப்பா இருந்தால் வாசல்படி மிதிக்க விட்டிருக்கமாட்டார். தம்பி இதைத் திண்டவனெண்டு நான் நம்பமாட்டன். நான் வளத்த பிள்ளை அவன். அவனுக்கு என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியாதோ?"

"எனக்கும் தெரியேல்லை மச்சாள்," என்றாள் றொசானா. "நான் பொஞ்சாதி. எனக்கும் தெரியேல்லை. வாய் திறந்து கேட்டார். நான் வேற ஒண்டைக் குடுத்து அனுப்பிப்போட்டன். சிரிச்சுக்கொண்டு போயிட்டார். இண்டைக்கும் வைக்காட்டில் எப்ப வைக்கிறது?"

கீர்த்திகன் தாயையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தான். கௌரி இலையைப் பார்த்தாள். அவள் விடியத் தொடங்கிச் சமைத்தது எல்லாம் அதில் இருந்தது. அவள் அறிந்த தம்பி அந்த இலையில் முழுசாக இருந்தான், இந்த ஒன்றைத் தவிர. கதிரையை இழுத்து இருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. முகத்தை எடுக்காமலே சொன்னாள்.

"வை."

றொசானா குனிந்தாள்.

"கணவாய்க்குக் கிட்ட வையாதை. அங்காலை, தள்ளி வை."

இத்தனை வருசமும் "நீர்" என்று சொல்லி ஒரு கை தூரத்தில் வைத்திருந்த மச்சாள், "வையும்" என்னாமல் "வை" என்று நீ போட்டுச் சொன்னதை றொசானா கவனித்தாள். காட்டிக்கொள்ளவில்லை. இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்தாள். பிறகு இன்னொரு கரண்டி. கற்பூரம் எரிந்தது.

பங்கெடுத்த சாப்பாட்டைக் கீர்த்திகனும் அவளும் பின்பக்க ஒழுங்கைக்குக் கொண்டுபோனார்கள். பனி விழுந்து சுவடில்லாமல் கிடந்த ஓர் இடத்தில் வைத்தார்கள். குளிரில் அதிலிருந்து ஆவி எழும்பியது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று கீர்த்திகன் மெதுவாக நினைவூட்டினான். அவள் பார்க்கவில்லை. வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் அவளுக்கு முதல்தரமாக அழுகை வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு, அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்க அழுதாள். கௌரி ஓடிவந்து அவளைப் பிடித்து, தானும் சேர்ந்து அழுதாள். இரண்டாம் மாடி ஜன்னலில் ஆரோ வெளிச்சம் போட்டார்கள். பிறகு அணைத்துவிட்டார்கள்.

எல்லாம் அடங்கினபின் சாப்பிட இருந்தார்கள். கௌரி சோறும் கணவாயும் போட்டுக் கொடுத்தாள். றொசானா அதைத் தொடவில்லை. டப்பாவின் அடியில் மிச்சம் இருந்ததை இழுத்து வைத்து, ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். இனிப்பு. புகை. நாக்கில் ஒட்டுகிற கொழுப்பு. நீண்ட நேரம் மென்றாள்.

"எப்பிடிக் கிடக்கு?" என்றாள் கௌரி.

"எனக்குப் பிடிக்கேல்லை மச்சாள்," என்றாள் றொசானா.

சொல்லிவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாள்.